பதினைந்தாவது ரிஸ்பி

ரிஸ்பி படகுத்துறையில் மேவிஸ் இல்லை. கட்டிப் போட்டிருந்த இரண்டு நண்டுப் படகுகள்தான் காற்றில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. டக்கர் நெல்ம்ஸ் பலகை மேடையின் கடைசி வரை ஓடி, குப்புறப் படுத்து, அடியில் தலையை நீட்டிப் பார்த்தான். சேறும் சிப்பியும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினான். அக்கரை இருக்கிறதா என்றே தெரியாத மழையில் அந்தக் குரல் பத்தடி தூரம்கூடப் போயிருக்காது.

"எழுந்திரு. ஷெரீப்போட படகு இங்க ரெண்டு தடவ பாத்துட்டுப் போயிடுச்சு," என்றாள் லுவீனியா பிராக்ஸ்டன்.

"அவங்க பாத்தது மேல பாஸ். நான் பாக்கறது கீழ."

"கீழயும் இல்ல. வா."

லுவீனியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஷெரீப் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த முதல் கறுப்பினப் பெண். ஓய்வு பெற்ற மறுநாளே தூண்டில் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். டக்கர் அங்கே டிரைவர், போட்டோகிராபர், காபி போடுபவன். சம்பளம் இந்த மூன்றுக்கும்தான். அவன் அடிக்கும் ஜோக்குகளை அவள் இலவசமாகச் சகித்துக்கொண்டாள்.

இன்று அவனுக்கு ஜோக் சுலபமாக வரவில்லை. காலையில் மேவிஸ் தன் சின்னப் படகில் தனியாகக் கிளம்பியிருக்கிறாள். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு டக்கரின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ரிஸ்பி படகுத்துறையில் இருக்கிறாள், கால் மாட்டிக்கொண்டது, தண்ணீர் ஏறுகிறது. டக்கர் அப்போது சிக்னல் கிடைக்காத ஒரு கடையில் உட்கார்ந்து நண்டு வடையும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். செய்தியைப் பார்த்தபோது மணி இரண்டு நாற்பது. திருப்பிக் கூப்பிட்டால் அவள் போன் செத்திருந்தது. மூன்று மணிக்கு ஆளில்லாத படகு பாலத்தடியில் வந்து ஒதுங்கியது. இப்போது மூன்றரை. ஐந்தேகாலுக்குக் கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும். மற்ற நாளில் முழங்கால் அளவு ஏறுகிற தண்ணீர், இன்று விரிகுடாப் பக்கமிருந்து புயல் தள்ளுவதால், ஆள் உயரம் ஏறும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நண்டு வடையை இந்த ஜென்மத்தில் மறுபடி தொட மாட்டேன் என்று டக்கர் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

டிரக் கிளம்பியது. ரிஸ்பி சாலை, ரிஸ்பி பாலம், ரிஸ்பி பள்ளிக்கூடம், ரிஸ்பி குளம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய குடும்பம். வர்ஜீனியாவின் இந்த மூலையில் கண்ணில் பட்டதற்கெல்லாம் தன் பெயரை வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டது. அந்தப் பெயரும் லேசுப்பட்ட பெயர் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது டபிள்யூவில் ஆரம்பித்துப் பத்து எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ரியோதெஸ்பி' என்று வரும். வாயால் சொல்லும்போது ரிஸ்பி. பலகையைப் பார்த்து முழுசாகப் படிப்பவன் வெளியூர்க்காரன் என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"இந்த வட்டாரத்துல ரிஸ்பின்னு பேர் வைக்காதது ரெண்டுதான் பாஸ். இந்த டிரக்கு, எங்க வீட்டு நாய்," என்றான் டக்கர். சொல்லும்போது அவன் குரல் உடைந்தது.

லுவீனியா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "படகுத்துறைன்னா இப்ப இருக்கறது மட்டும் இல்ல. புகையில ஏத்தின காலத்துல அவங்களுக்கு எத்தன துறை இருந்துச்சோ. அதையெல்லாம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான் மிச்சம் இருக்காரு. பெரிய வீட்டுக்கு விடு."

ஃபீல்டிங் ரிஸ்பி அந்த வம்சத்தின் கடைசி ஆள். கல்யாணம் இல்லை, வாரிசு இல்லை. ஆற்றின் கீழ்முனையில் மிஞ்சியிருக்கும் நிலத்தை ஏதோ ஹோட்டல் கம்பெனிக்கு விற்கப் போகிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. இவர்கள் போனபோது, ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்த வீட்டின் வராந்தாவில், ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. கழுத்தில் பட்டு டை. புயலுக்கும் டை கட்டுகிற மனிதர்.

"மேவிஸா? ரோட்டுப் பலகைக்குப் பெயிண்ட் அடிக்குமே, அந்தப் பொண்ணா? நான் பாத்து ஒரு மாசம் இருக்கும் லுவீனியா. என்ன ஆச்சு?"

லுவீனியா சொன்னாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"உக்காருப்பா தம்பி."

மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் படகுக் கயிறு ஒரு சுருள் கிடந்தது. டக்கர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சும்மா இருக்க முடியாத அவன் கைகள் கயிற்றின் நுனியைப் பிரிப்பதும் முறுக்குவதுமாக இருந்தன.

"ஆத்தோரமா உங்க பேர்ல இருக்கற எல்லா எடத்தையும் எழுதிக் குடுங்க மிஸ்டர் ரிஸ்பி. மேப்ல இருக்கறது, இல்லாதது, இடிஞ்சு போனது, எல்லாமே," என்றாள் லுவீனியா.

"எங்க கதையே அதுல வந்துரும்."

"வரட்டும். பேரோட எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்தார். நல்ல கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் அந்தப் பத்து எழுத்தையும் ஒன்றுகூடக் குறைக்காமல், விருந்தாளியை வரவேற்பது போல வரிசையாக எழுதினார். டக்கருக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி ஆற்றில் எறிய வேண்டும் போலிருந்தது. நாலு நிமிடம் ஆனது. நாலு வருடம் போல இருந்தது.

"பதினாலு. அவ்வளவுதான். என் குடும்பத்தப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?" என்று தாளை நீட்டினார். "அந்தப் பொண்ணுக்காக நான் ஜெபம் பண்றேன் தம்பி."

"நன்றி சார்," என்றான் டக்கர். கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி மறுபடி நாற்காலியிலேயே வைத்துவிட்டு ஓடினான்.

டிரக்கில் ஏறியதும் லுவீனியா தோளில் மாட்டியிருந்த வயர்லெஸ்ஸில் பதினாலு இடத்தையும் ஷெரீப்புக்குப் படித்தாள். படகுகள் பிரிந்து போவதாகப் பதில் வந்தது. டக்கர் சாவியைத் திருகினான்.

"முதல்ல பழைய மில் துறைக்குப் போறேன் பாஸ். அதான் பக்கம்."

"நில்லு."

"பாஸ், மணி நாலாகப் போவுது."

"நில்லுன்னு சொன்னேன்ல." அவள் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "ஒன்பதாவது வரி. என்ன தெரியுது?"

"ஏதோ அடிச்சு எழுதியிருக்காரு. வயசானவரு, கை தவறியிருக்கும்."

"அடிச்ச எழுத்து என்ன?"

டக்கர் குனிந்து பார்த்தான். "ஆர்."

"டபிள்யூ இல்ல. ஆர். தன் பேரோட முதல் எழுத்த எழுபது வருஷமா எழுதற மனுஷன். உலகத்துல யாரும் உச்சரிக்காத அந்த டபிள்யூ மேல உசிரயே வெச்சிருக்கற மனுஷன். பதினாலு தடவையில ஒரு தடவ டபிள்யூ இல்லாம ஆரம்பிக்கிறாரு. ஏன்?"

"ஏன்?"

"கை எழுதினது வேற எடம். பாதியில மனசு அதப் புடிச்சு நிறுத்தியிருக்கு." அவள் திடீரென்று அவன் பக்கம் திரும்பினாள். "மேவிஸ் அனுப்பின செய்தியக் காட்டு."

"அதான் உங்ககிட்டயும் ஷெரீப்கிட்டயும் படிச்சுக் காட்டினேனே."

"வாயால படிச்ச. நான் காதால கேட்டேன். கண்ணால இன்னும் யாருமே பாக்கல. போனக் குடு."

அவன் கொடுத்தான். அவள் பார்த்தாள். பிறகு திரையை அவனுக்கு நேரே திருப்பினாள். 'ரிஸ்பி' என்று ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. முதல் எழுத்து ஆர்.

"அவசரத்துல சுருக்கி அடிச்சிருக்கும் பாஸ். கால் மாட்டிக்கிட்டவ இலக்கணமா பாப்பா?"

"உங்கக்கா என்ன வேலை பாக்கறா?"

"பலகை எழுதறா."

"இந்தப் பேர எத்தன தடவ எழுதியிருப்பா?"

பையன்கள் துப்பாக்கி சுட்டுப் பழகி ஓட்டை போட்ட பலகைகளை வருடம் தவறாமல் மாற்றுபவள் அவள்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பத்து எழுத்தையும் வரிசை மாறாமல் சொல்லுவாள். ஹோட்டலில் மெனு கார்டில் பிழை இருந்தால் பேனாவை எடுத்துத் திருத்துகிற ஜாதி.

"அப்ப இது சுருக்கம் இல்ல," என்றாள் லுவீனியா. "இது வேற பேரு. எங்கம்மா பேரு."

"உங்கம்மா..."

"எங்கம்மா பிராக்ஸ்டன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்ன ரிஸ்பி. ஆர்ல ஆரம்பிக்கற ரிஸ்பி. இவங்க வயல்ல அடிமையா இருந்தவங்க, விடுதலை ஆனதும் பேர் பதிய ஆபீசுக்குப் போனாங்க. பேர் என்னன்னு கிளார்க் கேட்டான், ரிஸ்பின்னாங்க. காதுல விழுந்தத விழுந்தபடி எழுதிக்கிட்டான். அந்த டபிள்யூ மட்டும் பெரிய வீட்டுலயே தங்கிடுச்சு." அவள் போனை மடியில் வைத்தாள். "எங்க ஆளுங்களுக்கும் ஒரு துறை இருந்துச்சு டக்கர். எந்த மேப்லயும் கிடையாது. ஈஸ்டருக்கு உங்க வீட்டுல சாப்பிட்டேனே, அப்பத்தான் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம சொன்னேன், எங்கம்மா பேருக்கு இந்த ஊர்ல ஒரு பலகைகூட இல்லன்னு. மேவிஸ் ஒண்ணும் பேசல. எத்தன எழுத்துன்னு மட்டும் கேட்டா."

டக்கருக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. அக்கா அந்தத் துறைக்கு ஒரு பலகை கொண்டுபோயிருக்கிறாள்.

"எங்க இருக்கு அது?"

"கீழ்முனையில, அவர் ஹோட்டலுக்கு விக்கப் போற நிலத்துலயே. எங்க துறைன்னு வெளிய தெரிஞ்சா விக்கறது சுலபமில்ல. பழைய பாப்டிஸ்ட் சபை இருந்த எடத்துக்கு விடு. மிச்சத்த அங்க போய்ச் சொல்றேன், மேப்ல இல்லாத எடத்த ஷெரீப் படகு கண்டுபிடிக்காது."

காட்டுப் பாதையின் வாயில் சங்கிலி தொங்கியது. பூட்டு புதுசு.

"பாஸ், சட்டம்..."

"சங்கிலி துருப்புடிச்சிருந்துச்சுன்னு நான் எழுதிக்கறேன். ஏத்து."

டிரக் சங்கிலியை அறுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அரை மைல் போனதும் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. இறங்கி ஓடினார்கள். பைன் மரங்களுக்கு நடுவில் மூன்று செங்கல் படிகள் மட்டும் தனியாக நின்றன. படி ஏறிப் போனால் வெறும் காற்று. நாற்பது வருடத்துக்கு முன்னால் இடிவிழுந்து எரிந்த சபையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"இனி எந்தப் பக்கம்?"

லுவீனியா படிக்கட்டின் மேல் ஏறி, இல்லாத கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "தெரியல," என்றாள்.

"தெரியலயா?"

"எனக்கு அப்ப ஒன்பது வயசு. ஞானஸ்நானத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வெள்ளை கவுன் போட்டு, முன்னால போற அக்காவோட முதுகப் பாத்துக்கிட்டே நடந்தேன். அப்ப இது புகையில வயல். இப்ப பாரு." சுற்றிலும் ஒரே மாதிரி மரங்கள். ஒரே மாதிரி சதுப்பு. "ஆனா பாட்டு ஞாபகம் இருக்கு. இங்க ஆரம்பிச்சா மூணு சரணம். மூணாவது முடியும்போது கால் தண்ணியில இருக்கும்."

அவள் பாட ஆரம்பித்தாள். நல்ல குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்து, அந்த இழுப்புக்கு ஒரு அடி வீதம் நடந்தாள். டக்கருக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மணி நாலரை.

"ஓடலாமே பாஸ். கெஞ்சிக் கேக்கறேன்."

"ஓடினா பாட்டு கெடும். பாட்டு கெட்டா வழியும் கெடும்," என்று இரண்டு அடிகளுக்கு நடுவில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

முதல் சரணம் நேராகப் போனது. அது முடிந்த இடத்தில் நின்று இடது கையைத் தூக்கினாள். சபையை நடத்தும் டீக்கன் இப்படித்தான் தூக்குவார், எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புவோம் என்று சொல்லி இடது பக்கம் திரும்பினாள். இரண்டாவது சரணத்தின் பாதியிலேயே தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. இந்த இடத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது என்பது டக்கருக்குத் தெரியும். இங்கே கணுக்கால் என்றால் துறையில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பயந்து, பாதியில் விட்டுவிட்டான்.

மூன்றாவது சரணம். இரண்டு வரி பாடினாள். நின்றாள்.

"என்ன?"

"வரி மறந்துபோச்சு."

லுவீனியாவின் உதடுகள் அசைந்தன, வார்த்தை வரவில்லை. ஆறு வருடத்தில் அவள் முகத்தில் பயத்தை டக்கர் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தான்.

அவன் மெல்ல அடுத்த வரியைச் சொன்னான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க சபையிலயும் இதே பாட்டுதான் பாஸ். சாப்பாடு ஆறிடும்னு நாங்க வேகமாப் பாடிடுவோம்."

"உங்க வேகத்துல பாடாத. என்கூடப் பாடு."

வெள்ளைக்காரச் சபையில் வளர்ந்தவனும் கறுப்பர் சபையில் ஞானஸ்நானம் பெற்றவளும் ஒரே இழுப்பாக இழுத்து, இடுப்பளவுக்கு வந்துவிட்ட தண்ணீரில் நடந்தார்கள். டக்கருக்குக் கண்ணீர் வந்தது. மழை இருந்ததால் துடைக்கவில்லை. கடைசி வார்த்தையை முடித்தபோது மரங்கள் விலகின. எதிரே ஆறு. பழைய துறையின் உளுத்துப்போன தூண்கள் நாலைந்து தண்ணீருக்கு மேல் தலை காட்டிக்கொண்டிருந்தன. ஒரு தூணில் புத்தம் புதுப் பலகை ஒன்று ஒற்றை ஆணியில் தொங்கி ஆடியது. ரிஸ்பி படகுத்துறை. டபிள்யூ இல்லாமல்.

அதற்குக் கீழே, வாயை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஒரு முகம் தெரிந்தது.

"டேய் டக்கர்," என்றது அந்த முகம். "எவ்வளவு நேரம்டா உனக்கு."

டக்கர் தண்ணீருக்குள் மூழ்கினான். கலங்கிய தண்ணீரில் கையால் தடவியே பார்க்க முடிந்தது. மேடை உள்வாங்கியதில் ஒரு உத்தரம் விழுந்து அவள் காலைத் தூணோடு சேர்த்துக் கவ்வியிருந்தது. இழுத்தான், அசையவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கினான். லுவீனியா மேவிஸின் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவள் மோவாயைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"நெம்புகோல் வேணும் பாஸ்."

லுவீனியா அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். "அத எடு."

"பெயிண்ட் இன்னும் காயல," என்றாள் மேவிஸ்.

"வாய மூடு," என்று டக்கரும் லுவீனியாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவன் பலகையைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனான். உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவில் சொருகி, தோளைக் கொடுத்து நெம்பினான். பலகை நடுவில் முறிந்தது. முறிவதற்கு ஒரு கணம் முன்னால் உத்தரம் இரண்டு விரல் அளவு நகர்ந்தது. அந்த இரண்டு விரல் போதுமாக இருந்தது.

சபைப் படிக்கட்டு வரை மாறி மாறித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லுவீனியா தன் மழைக்கோட்டைக் கழற்றி மேவிஸைச் சுற்றிவிட்டு, தோள் வயர்லெஸ்ஸில் ஆம்புலன்ஸ் கேட்டாள். மேவிஸின் உதடு நீலமாக இருந்தது. பல் தந்தியடித்தபடியே அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவர் வரலையா?"

"யாரு?" என்றான் டக்கர்.

"ஃபீல்டிங் சார். நான் உனக்குச் செய்தி அனுப்பிக் கொஞ்ச நேரத்துல கரையில வந்து நின்னாரு. சுத்தியல் சத்தம் கேட்டு வந்தாராம். அவரப் பாத்து கைய ஆட்டினதுலதான் போனு தண்ணிக்குள்ள விழுந்துச்சு. பலகைய ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. அப்புறம், பயப்படாதம்மா, வீட்டுக்குப் போய்க் கயிறு எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. தண்ணி கழுத்துக்கு வந்தப்பகூட அவர் வந்துருவார்னுதான் நெனச்சிட்டிருந்தேன்." அவள் இருமினாள். "வயசானவரு டக்கர். இந்த மழையில எங்கயாவது வழுக்கி விழுந்து கெடக்காரோ என்னமோ. யாராவது போய்ச் சொல்லுங்களேன், நான் கெடச்சுட்டேன்னு."

டக்கர் தன் கைகளைப் பார்த்தான். இந்தக் கைகள்தான் அந்தக் கயிற்றை மடியில் வைத்துப் பிரித்துப் பிரித்து முறுக்கின. போகும்போது ஒழுங்காகச் சுருட்டி வைத்து, நன்றி சார் என்று சொல்லிவிட்டும் வந்தவன் அவன்.

"சொல்றேன் மேவிஸ்," என்றாள் லுவீனியா. "நானே நேர்ல போய்ச் சொல்றேன்."

சட்டைப் பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த அந்தப் பதினாலு பேர்த் தாள் நனையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு டக்கரை இரண்டடி தள்ளிக் கூட்டிப் போனாள்.

"அந்தக் கயிறு ஈரமா இருந்துச்சா?"

"இல்ல பாஸ்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. கோர்ட்ல கேப்பாங்க."

"காஞ்சிருந்துச்சு பாஸ்," என்றான் டக்கர். "வராந்தா வரைக்கும் எடுத்துட்டு வந்திருக்காரு. படி எறங்கல."